வெறும் வயிற்றில் மாங்காய்

கிருஷ்ணகிரி,
மே 30

கண்ணு,

நீ என்னோடு பேசிப் பதினோரு நாள் ஆகிறது. அப்பா கூப்பிட்டால் எடுக்கிறாய். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் உடனே வேலை இருக்கிறது என்கிறாய். அதனால்தான் இதை மாம்பழப் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். பழத்துக்குக் கை விட்டால் இது தட்டுப்பட்டே தீரும்.

நாம் கடைசியாகப் பேசிய அன்றிரவு, "வெறும் வயிற்றில் மாங்காய் தின்னாதே என்று உனக்கு எத்தனை முறை சொல்வது" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் மாங்காய் தின்றது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாய். அப்பா சொன்னார் என்றேன். அப்பா உன்னை பஸ் நிலைய வாசலில் இறக்கிவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர். அது உனக்குத் தெரியாதா? இருபது வருடமாகக் காக்கி உடுத்தி ஊரார் பொய்யெல்லாம் கேட்டவளுக்கு, சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லை பார்.

ஆமாம், பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகத் தெரிவதுதான் உனக்கு அதிக வேதனையாக இருக்கும்.

மே 18, ஞாயிறு. எனக்குக் காவல் கட்டுப்பாட்டு அறையில் மதியம் 2 மணி டூட்டி. பஸ் நிலையத்துக் கேமரா எப்போதும் திரையில் ஓடிக்கொண்டிருப்பதுதான், அதைப் பார்ப்பது என் வேலை. 6 மணிக்கு மேல் அதில் நீ வந்தாய். முகம் தெரிந்தது என்று நினைக்காதே. அந்தக் கேமராவின் படம் குறுக்கே 1920 புள்ளிகள். ஒருவரை இன்னார்தான் என்று உறுதியாகச் சொல்ல, மீட்டருக்கு 250 புள்ளிகளாவது வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். வகுத்துப் பார், ஏழரை மீட்டர் அகலம் வரைக்கும்தான் முகம். பஸ் நிலையம் என்ன ஏழரை மீட்டரா? எனக்குத் தெரிந்தது உன் முகம் அல்ல, உன் நடை. பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு அந்தத் தோளையே கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடப்பாயே, எட்டாம் வகுப்பிலிருந்து அப்படித்தானே நடக்கிறாய்.

அதோடு விட்டிருக்கலாம். கை விடவில்லை. சுழலும் கேமராவை இயக்கும் கைப்பிடியைத் திருப்பி உன்னைப் பெரிதாக்கினேன். மாங்காய்க் கீற்று வாங்கினாய். விற்கிறவள் மிளகாய்த்தூளைத் தூவப் போனபோது போதும் என்று கையைக் காட்டினாய். கடைசி இருக்கையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாய். பெங்களூரு பஸ் வந்தது, நீ எழுந்திருக்கவில்லை. அடுத்ததும் வந்து போனது. போனைப் பார்த்தாய், மடியில் கவிழ்த்து வைத்தாய். மூன்றாவது பஸ்ஸில் ஏறினாய். பஸ் வெளியே வந்ததும் பெங்களூரு ரோட்டுக் கேமராவுக்கு மாறி, அது கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் டூட்டிக்குப் போனதும் பழைய பதிவைத் திறந்து மறுபடியும் ஒருமுறை பார்த்தேன். முதல் நாள் பார்த்ததற்காவது கை பதறிவிட்டது என்று ஒரு சாக்குச் சொல்லலாம். இரண்டாம் நாள் பார்த்ததற்கு ஒரு சாக்கும் கிடையாது.

நீ நினைப்பதுபோல நாங்கள் அங்கே தெய்வம் மாதிரி உட்கார்ந்து ஊரையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. என் வேலையில் பாதி சிலந்தியோடுதான். சிரிக்காதே. இரவில் கேமராவைச் சுற்றி எரியும் அகச்சிவப்பு விளக்கு மனிதர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனாலும் அங்கே பூச்சி வந்துவிடும். பூச்சி வந்தால் சிலந்தி வரும். ஒரே ராத்திரியில் கண்ணாடிக்கு முன்னால் வலை பின்னிவிடும். அந்த வெளிச்சம் வலையில் பட்டுத் திரும்பித் திரை முழுக்க வெள்ளையாகிவிடும். பல லட்ச ரூபாய்ச் சாமான், அதைச் சரிசெய்யும் கருவி நீண்ட மூங்கிலில் கட்டிய ஒட்டடைக் குச்சி. மீதிப் பாதி வேலை, சாலை தோண்டியதில் அறுந்த கேபிள், பேட்டரி தீர்ந்த யு.பி.எஸ்., இடி இறங்கிச் செத்த பதிவுப் பெட்டி, கேமராவைப் பிடித்துத் தொங்கி வானத்தைப் பார்க்கத் திருப்பிவிடும் குரங்கு. நெடுஞ்சாலைக் கேமரா இன்னொரு கூத்து. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடிவிடும். படம் பிடிக்கும் கதவு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால்கூட வண்டி அரை மீட்டர் நகர்ந்துவிடும், நம்பர் பிளேட் இழுத்துவிட்ட கோலமாகத்தான் விழும். அதற்கென்று நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் திறந்து மூடும் தனிக் கேமரா வைக்க வேண்டும். சாதாரணக் கேமராவைக் கம்பத்தில் மாட்டிவிட்டு எண்ணைக் காணோமே என்றால் எங்கிருந்து வரும்?

இவ்வளவையும் என் தப்பைச் சின்னதாக்குவதற்காக எழுதவில்லை. கேமராவில் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் விஷயத்தில் அப்படித்தான் நடந்துகொண்டேன். ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் திருட்டு. ராத்திரி 11 மணி வாக்கில் பூட்டை உடைத்திருக்கிறார்கள். எதிர்க் கடைக்காரர் தன் செலவில் தெருவைப் பார்த்து மாட்டிய கேமராவில் 11.10க்கு ஒரு பையன் அந்த வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஷட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறான். பையனைக் கூட்டி வந்துவிட்டார்கள். "8 மணிக்கு மேல் வந்தேன், கடை மூடியிருந்தது, போய்விட்டேன்" என்று அழுகிறான். யாரும் நம்பவில்லை. பதிவை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். நான் எப்போதும் செய்வதுபோல என் போனில் சரியான நேரத்தை வைத்து அந்தக் கேமராவுக்கு முன்னால் காட்டினேன். போனில் காலை 10.05. கேமராவின் பதிவுப் பெட்டியில் மதியம் 12.35. இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. மின்சாரம் போய் வந்ததில் உள்ளே வைத்திருந்த அமைப்பெல்லாம் அழிந்து, பெட்டி தான் பிறந்த ஊர் நேரத்துக்குப் போய்விட்டது. சீனாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம்தானே வித்தியாசம். 11.10 என்று அது காட்டியது உண்மையில் 8.40. பையன் சொன்னது சரி. அவன் அம்மா வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நான் போனைக் காட்ட மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரி நினைப்பு வரும்.

பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாமல் போவதும் உண்டு. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. சேரும். 100 கேமரா, 30 நாள் என்றால் கிட்டத்தட்ட 65 டி.பி. அதற்கு மேல் வைக்க இடமில்லை, பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். காவேரிப்பட்டணம் பக்கம் சாலையைக் கடந்த பெரியவரை ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வீட்டார் பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டுத்தான் கேட்டு எழுதினார்கள். அந்தக் காகிதம் எந்தெந்த மேஜையில் தூங்கியதோ, என்னிடம் வந்தபோது 41ஆம் நாள். அவர் மகன் என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, "கொஞ்சம்கூட இல்லையா மேடம்?" என்று கேட்டான். அவனுக்குத் தேவையான ஒரு நிமிஷப் பதிவு இல்லை. எனக்குத் தேவையே இல்லாத உன் நாற்பது நிமிஷம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

கல்லூரியில் நீ தனியுரிமை பற்றிக் கட்டுரை எழுதியது ஞாபகம் இருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்று சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டி, "உங்கள் ஆட்களுக்கு இது தெரியுமா?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. அப்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டு அப்பாவும் மகனும் செத்தார்களே, அந்த நிலையத்தில் கேமராவும் இருந்தது, பதிய இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுதினார். அங்கே வாய் திறந்து சாட்சி சொன்னவர் என்னைப் போல ஒரு பெண் தலைமைக் காவலர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையத்திலும் லாக்கப் உட்படக் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், முடியாவிட்டால் ஒரு வருடமாவது வைக்க வேண்டும் என்றது. எங்களையும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பது நல்லதுதான் என்று அப்போது அப்பாவிடம் சொன்னேன். உன்னிடம் சொல்ல வீம்பு விடவில்லை.

போன வருடம் புதிதாக வந்த காவலர் ஒருவர் சுழலும் கேமராவைத் திருப்பி ஒரு வீட்டு மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி காயப்போட வந்த பெண்ணைத்தான். எல்லோர் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டினேன். அந்த மாடி வரும் இடத்தில் கறுப்புக் கட்டம் விழும்படி செய்யச் சொன்னேன். கேமரா எப்படித் திரும்பினாலும் அந்தக் கட்டம் கூடவே நகர்ந்து மாடியை மறைத்துக்கொள்ளும். நீ வந்து நின்றபோது அதே கைப்பிடிதான் என் கையில் இருந்தது. அன்று அதே காவலர் பக்கத்து மேஜையில் இருந்தார். பார்த்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதையாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீ போனை வைத்த மறுநாள் பதிவேட்டை எடுத்தேன். பழைய பதிவைத் திறந்தால் தேதி, கேமரா எண், வழக்கு எண், கேட்டவர், காரணம், கையெழுத்து எல்லாம் எழுத வேண்டும். வழக்கு எண்ணில் கோடு போட்டேன். காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம், மகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் அம்மா அதைப் படித்துவிட்டு, "எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கு அம்மா தெரியப்போகிறது?" என்றார். யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று கணினியிலேயே பதிவாகியிருக்கிறது என்றேன். அது உண்மைதான், ஆனால் நான் எழுதியது அதற்காக இல்லை. எழுத்தில் விளக்கம் வாங்கிக்கொண்டார். பழைய பதிவு பார்க்கும் அனுமதியை 30 நாளுக்கு எடுத்துவிட்டார். இப்போது எனக்குக் கேபிளும் சிலந்தியும் மட்டும்தான்.

இரண்டு பஸ்ஸை ஏன் விட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அதைத் திருடித்தான் தெரிந்துகொண்டேன், அதை வைத்து உன்னிடம் கேள்வி கேட்க எனக்கு வாய் இல்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. போனில் யார் பேசினார்கள், பேசினார்களா இல்லையா, எனக்கு ஒன்றும் தெரியாது. ஜூன் 17 வாக்கில் அந்தப் பதிவின் மேல் வேறு யார் யாரோ வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நீயாகச் சொல்ல நினைத்தால் சொல். இல்லாவிட்டாலும் போனை எடு.

ஆயாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. ராயக்கோட்டைச் சித்தி வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

பெட்டியில் மேலே இருக்கிற ஒன்பதும் செந்தூரா, உடனே தின்னலாம். கீழே இருப்பது பெங்களூரா, இன்னும் ஐந்தாறு நாள் ஆகும். வைக்கோலை எடுத்துக் கொட்டிவிடாதே. பக்கத்து அறைப் பெண்ணுக்கும் இரண்டு கொடு.

அம்மா