காக்காவுக்குச் சோறு வைப்பது பற்றி

திருவொற்றியூர்,
சென்னை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைத்தாய் என்று பக்கத்து வீட்டம்மா சண்டைக்கு வந்ததை போனில் சொல்லி வருத்தப்பட்டாய். கென்யாவில், அந்த மொம்பாசாவில் இருக்கும்வரை இனி வைக்க வேண்டாம். பசித்தவர் யாருக்காவது ஒருவேளை சாப்பாடு போடு, தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தம்மா பேச்சில் நியாயம் இருக்கிறது. குப்பையைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யட்டும் என்று 1890-களில் நம் காக்காவை ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையோரம் பெருகி, அங்குள்ள சின்னப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது.

ஆனால் "வெளியிலிருந்து வந்தாலே கெடுதல்தான்" என்றாயே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, புளி உங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து. இரண்டையும் எடுத்துவிட்டால் குழம்பு எப்படி வைப்பதாம்? இவை வெறும் அயல் இனங்கள். வந்த இடத்தில் கட்டுக்கடங்காமல் பெருகி, அங்கிருக்கும் உயிர்களையோ பிழைப்பையோ கெடுத்தால்தான் ஆக்கிரமிப்பு இனம். கிண்டியில் நீ பார்த்த புள்ளிமான் இந்த மண்ணின் பிராணி. அதையே வெள்ளைக்காரர்கள் அந்தமானில் விட்டார்கள். அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ அங்கே இல்லை. அதனால் மான்கள் காட்டில் முளைக்கும் மரக்கன்றுகளைத் தின்று, எழும்பவே விடுவதில்லை.

இங்கே எண்ணூரில் நடப்பதைப் பார்த்தால் உனக்கு வயிறு எரியும். காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் கறுத்த சிப்பி, தென் அமெரிக்கப் பக்கத்தது. கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ, பாரத்துக்காகக் கப்பலில் நிரப்பும் தண்ணீரிலோ வந்திருக்கும் என்கிறார்கள். கொசஸ்தலையாற்றுச் சேற்றின் மேல் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்குத் துழாவ இடமில்லை, ஓடு கையையும் காலையும் கிழிக்கிறது. மஞ்ச மட்டி என்னும் நம்மூர்ச் சிப்பி அதற்கடியில் புதைந்து சாகிறது. ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலில் நொந்த ஆறு அது. பாவம், காக்கா ஆழியை மட்டும் திட்டி என்ன பயன்?

அப்புறம், ஊருக்கு வரும்போது பூச்செடி விதை கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். முதுமலைக் காட்டை அடைத்து நிற்கும் உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் தோட்டத்து அழகுக்காக வந்ததுதான். காப்பித்தூள் மட்டும் கொண்டு வா, அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா