பிள்ளைகள் செய்தி எழுதிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களிடம் நாளிதழ் வாசிக்கும் பழக்கம் குறைந்துவருவது பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பள்ளிகளில் தினமும் நாளிதழ் வாசிக்க வைக்க வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். பல பள்ளிகளில் அது ஏற்கெனவே நடக்கிற காரியம்தான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறள் முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து ஐந்தாறு தலைப்புகளை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் போகும். வெயிலில் நிற்கிற மற்ற பிள்ளைகளுக்கு இது எப்போது முடியும் என்பதுதான் கவலை. இதனால் ஒரு வாசகர்கூடக் கூடப்போவதில்லை. என் யோசனை வேறு. பிள்ளைகளைச் செய்தி எழுத வைக்க வேண்டும். எட்டு வரிச் செய்தி ஒன்றைத் தானே அலைந்து திரட்டி எழுதிய பிள்ளை, மறுநாள் உங்கள் மாவட்டப் பக்கத்தைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கிறது.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தக்கலை வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறேன். அங்கே நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் கன்னிப்பூ (முதல் போக நெல்) பருவத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு செய்தி எழுதி வந்தான். அவர்கள் வயல் சானலின், அதாவது பாசனக் கால்வாயின், கடைவரம்பில் (கடைசிக் கோடியில்) இருக்கிறது. அணை திறந்தும் தண்ணீர் வந்து சேரவில்லை என்பதுதான் விஷயம். ஆனால் தாளில் இருந்ததோ, 'நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். உழவு நம் நாட்டின் முதுகெலும்பு' என்று ஆரம்பித்து, மூன்றாவது பத்தியில்தான் சானல் எட்டிப் பார்த்தது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழகிய கை அப்படித்தான் எழுதும். வள்ளுவரை அன்போடு வெளியே அனுப்பிவிட்டு, "இதை யாரு மக்களே உனக்குச் சொன்னது?" என்று கேட்டேன். "அப்பா சொன்னாவ சார்." அப்பா நேரில் பார்த்தாரா, டீக்கடையில் கேட்டாரா? அணை என்றைக்குத் திறந்தது? தண்ணீர் எந்த மதகு வரைக்கும் வருகிறது? அதிகாரியிடம் கேட்டாயா? எதற்கும் அவனிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் பதிலோடு வந்தான். கூட்டாளி ஒருவனோடு சைக்கிளில் சானல் கரையோரமாகவே போயிருக்கிறார்கள். கடைசி மதகுக்குக் கொஞ்சம் முன்புவரை தண்ணீர் ஓடுகிறது. அங்கே ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து அடைத்துக் கிடக்கிறது. நீர்வளத்துறை அலுவலகத்தில் கேட்டதற்கு, தூர்வாரும் பணி பாக்கி இருக்கிறது, ஒரு வாரத்தில் முடியும் என்றார்களாம். வருஷா வருஷம் இதே பதில்தான் என்கிறார்கள் விவசாயிகள். இப்போது முதல் வரி தானாக வந்துவிட்டது: 'பேச்சிப்பாறை அணை பாசனத்துக்குத் திறக்கப்பட்டு மூன்று வாரம் ஆகியும் கடைவரம்பு வயல்களுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. கடைசி மதகுக்கு முன்பாக சானலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது.'

உங்கள் டெஸ்கில் இதை லீட் என்பீர்கள். முக்கியமானது மேலே, அடுத்தது அதற்குக் கீழே என்று இறங்கிப் போகிற இந்த அமைப்பை இதழியல் வகுப்பில் தலைகீழ் பிரமிடு என்று படிப்பார்கள். பிள்ளைகளுக்கு நான் பிரமிடெல்லாம் சொல்லவில்லை. ராத்திரி ஒரு விளம்பரம் வந்து விழுந்தால் உன் செய்தியைக் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள் என்று மட்டும் சொன்னேன். அதைக் கேட்டதும் ஒரு பெண்பிள்ளை அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ ஆபீசர் சொன்னத கடைசியில வைக்கக் கூடாதுல்லா சார்" என்றாள். சரியான கேள்வி. குற்றச்சாட்டு நிற்கும், பதில் வெட்டுப்பட்டுப் போகும். அதிகாரியின் பதில் மூன்றாவது வரிக்கு ஏறியது.

இப்படி எழுதிப் பார்த்த பிறகு அவர்கள் படிக்கிற விதத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மாவட்டப் பக்கத்தின் மூலையில் தினமும் வருகிற அணை நீர்மட்டப் பெட்டியை முன்பெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேச்சிப்பாறைக்கு முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77, சிற்றாறு அணைகளுக்கு 18 என்று தெரிந்துகொண்டதும் அந்தப் பெட்டி பேச ஆரம்பித்துவிட்டது. மழைக்காலத்தில் இரண்டு நாள் பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உள்வரத்து ஏறுவதும் உபரிநீர் திறப்பதும் தெரியும். அதே நாளில் வேறொரு பக்கத்தில் 'திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை' என்று ஒற்றைப் பத்திச் செய்தி. இன்னொரு மூலையில் குழித்துறை சப்பாத்து பாலம் (ஆற்றின் குறுக்கே உள்ள தரைப்பாலம்) மூழ்கிய படம். மூன்றும் ஒரே தண்ணீர். கோதையாற்றில் விடுகிற தண்ணீர்தான் திற்பரப்பில் விழுந்து குழித்துறைக்குப் போகிறது. மூன்றையும் சேர்த்து ஒரே செய்தியாக நீங்கள் போட்டிருக்கலாமே என்று கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன்.

இன்னொரு பயிற்சி உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். நூலகத்துக்கு வருகிற நாளிதழ்களை ஒரே மேஜையில் விரித்து, ஒரே செய்தியை நாலிலும் தேடச் சொன்னேன். ஓர் அரசுத் திட்ட அறிவிப்பு நாலு பத்திரிகையிலும் வாக்கியம் மாறாமல், ஒரே மூச்சில் முடியாத அந்த நீளமான வாக்கியம் உட்பட, அப்படியே இருந்தது. ஒன்றில் மட்டும் 'ஆட்சியர் வெளியிட்டுள்ள செய்திக்குறிப்பில்' என்று இருந்தது. மற்ற மூன்றிலும் 'நமது நிருபர்'. செய்திக்குறிப்பைப் போடுவது தப்பே இல்லை, மக்களுக்குத் தேவையான தகவல்தான். அதை நிருபர் போய்ப் பார்த்து எழுதியதுபோல் போடுவதுதான் உறுத்துகிறது. நம் ஊர்ப் பகுதி நேர நிருபர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஆள் காலையில் விபத்து, மத்தியானம் கோயில் கொடை, சாயங்காலம் கட்சிக் கூட்டம் என்று பைக்கில் ஓடுகிறார். சானல் கரையில் நடக்க அவருக்கு ஏது நேரம்?

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. அந்த டிசம்பர் மாதத்துப் பத்திரிகைகளை எடுத்து வைத்திருக்கிறேன். கடலில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அரசு ஒரு கணக்குச் சொன்னது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஊர்களில் தேவாலயப் பங்குகள் வீடு வீடாக எடுத்த பட்டியல் வேறொன்று சொன்னது. ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்குகிறவர்கள் என்பதால், யார் கரை சேர்ந்தார், யார் இன்னும் வரவில்லை என்பது தினமும் மாறிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் யார் சொன்ன எண் என்று குறிப்பிடாமல் தலைப்பில் ஓர் எண்ணைப் போட்டால், கரையில் காத்து நிற்கிற வீட்டுக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? பிள்ளைகள் இப்போது எந்த எண்ணைப் பார்த்தாலும் பக்கத்தில் பென்சிலால் 'யார்?' என்று எழுதிவிடுகிறார்கள். நூலகப் பிரதியில் எழுதாதீர்கள் என்று நூலகர் திட்டுகிறார், அது தனிக் கதை.

வாட்ஸ்அப்பில் வருவதற்கும் பத்திரிகைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டபோது, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர், அச்சகத்தின் முகவரி. 1867-ஆம் வருஷச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதற்குப் பதிலாக 2023-ல் இயற்றிய புதுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தப்பு வந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று அந்தப் பொடி எழுத்தில் தெரியும். பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கிற பிரஸ் கவுன்சிலுக்குப் போவதானாலும் முதலில் உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே கடிதங்கள் வரக்கூடும்.

ஒரு வருத்தமும் உண்டு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. பெயரை மட்டும் விட்டுவிட்டு, சின்ன ஊரின் பெயர், எத்தனையாம் வகுப்பு, அப்பா செய்யும் வேலை என்று போட்டால் நம் ஊரில் அரை மணி நேரத்தில் யாரென்று தெரிந்துவிடும். இப்படி வந்த செய்திகளைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பத்திரிகை என்று சொல்ல விரும்பவில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு தடவை மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி, மாணவர் எழுதிய ஒரு செய்தியைப் போடுங்கள். அவர்கள் எழுதியதை அப்படியே ஒரு பக்கமும், உங்கள் உதவி ஆசிரியர் திருத்தியதை இன்னொரு பக்கமும் போட வேண்டும். எதை வெட்டினீர்கள், எதை மேலே தூக்கினீர்கள், எந்த இடத்தில் 'யார் சொன்னது?' என்று கேட்டீர்கள் என்பது தெரிந்தால், நான் பத்துச் சனிக்கிழமை பேசுவதைவிட அது மேல். கவிதைப் போட்டி, கட்டுரைப் போட்டி வேண்டாம். அதற்குப் பள்ளிகளிலேயே குறைவில்லை. அப்புறம், உங்கள் ஏரியா நிருபர் ஒரு சனிக்கிழமை நூலகத்துக்கு வந்தால் சந்தோஷம். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

கடைவரம்புச் செய்தியை இத்துடன் இணைத்திருக்கிறேன். வெளியிடுவதானால் அதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். தண்ணீர் வந்துவிட்டதா என்று பையனைப் போய்ப் பார்த்துவரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.