கண்ணுக்குள் வந்து போன திரவம்

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்த அன்று நான் தலையணையில் முகம் புதைத்துக் குப்புறப் படுத்திருந்தேன். வலது கண்ணின் விழித்திரை பிரிந்துவிட்டதால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று வாரமாகிறது; இடது கண்ணின் துணையோடுதான் இதை எழுதுகிறேன். செயற்கை இரத்தம் என்று ஏதோ ஒரு திரவத்தைப் பற்றிப் படித்ததாகவும், அது உண்மைதானா என்றும் கேட்டிருந்தாய். அதே குடும்பத்துத் திரவம் ஒன்று சிறிது நேரம் என் கண்ணுக்குள் இருந்துவிட்டுப் போயிருக்கிறது என்பதால், வழக்கத்தைவிடச் சற்று நீளமாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது.

நீ படித்தது பெர்ஃப்ளூரோகார்பன் திரவங்களைப் பற்றி. அவற்றுள் பெயர் பெற்றது பெர்ஃப்ளூரோடெக்கலின்: பத்து கார்பன், பதினெட்டு ஃப்ளூரின், வேறொன்றும் இல்லை. நிறமற்றது, மணமற்றது, தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது, தண்ணீரோடும் எண்ணெயோடும் சேராதது. கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு மிக வலுவானது என்பதால் உடலில் எதுவும் அதைச் சிதைப்பதில்லை. ஆனால் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஈர்ப்போ மிக மெலிது, ஆகவே அவற்றின் நடுவே வாயு எளிதாகப் புகுந்துகொள்கிறது. அறை வெப்பநிலையில், தூய ஆக்சிஜனின் கீழ், நூறு மில்லி திரவம் நாற்பதிலிருந்து ஐம்பது மில்லி ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். அதே நிலையில் தண்ணீர் கரைத்துக்கொள்வது மூன்று மில்லி அளவுதான். ஆக்சிஜனை அளக்கும் மின்முனையை உருவாக்கிய லீலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கொல்லானும் 1966-இல் இத்தகைய திரவத்தில் எலிகளை அமிழ்த்தி, அவை மூழ்கிய நிலையிலேயே சுவாசித்ததைக் காட்டியபோது உலகம் வியந்ததில் வியப்பில்லை.

ஆனால் இரத்தம் என்று அதை அழைத்ததில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை வேதிமுறையில் பற்றிக்கொள்கிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நூறு மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ இருபது மில்லி சேர்ந்துவிடும். இந்தத் திரவமோ வெறுமனே கரைத்துக்கொள்கிறது. ஆக்சிஜனின் அழுத்தம் ஐந்தில் ஒன்றானால் (சாதாரணக் காற்றில் அப்படித்தான்) கரைவதும் ஐந்தில் ஒன்றாகிவிடும். மேலும், தண்ணீரோடு சேராத பொருளை அப்படியே இரத்தக் குழாயில் ஏற்ற முடியாது என்பதால் நுண்துளிகளாக்கிப் பால்மமாகத்தான் கொடுக்க வேண்டும். ஜப்பானில் உருவான ஃப்ளூசால் என்ற பால்மத்தில், நூறு மில்லிக்கு இருபது கிராம்தான் ஃப்ளூரோகார்பன், அதாவது பத்து மில்லி அளவு. நம் பழைய கல்லூரிக் கணக்கைப் போட்டுப் பார்: நோயாளி தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் நான்கைந்து மில்லி, சாதாரணக் காற்றென்றால் ஒரு மில்லி. இதயக் குழாய் அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையின்போது பயன்படுத்த அமெரிக்காவில் 1989-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. உறைநிலையில் சேமித்து, உருக்கிக் கலந்து கொடுக்க வேண்டிய தொல்லையும் சேர்ந்துகொள்ள, 1994-இல் அதைக் கைவிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலை இத்திரவத்தால் நிரப்பிச் சுவாசிக்க வைக்கும் முயற்சியும் நடந்தது, ஆனால் அன்றாட மருத்துவமாக நிலைபெறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆக்சிஜனுக்காகப் புகழ்பெற்ற இந்தக் குடும்பம் கண் மருத்துவத்தில் பிழைத்துக்கொண்டது தன் கனத்தால்தான். அறுவை அரங்கில் அதற்கு ‘ஹெவி லிக்விட்’ என்றுதான் பெயர். கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றிவிட்டு, பார்வை நரம்பின் மேல் இத்திரவத்தை மெதுவாகச் செலுத்தினால், அது அடியில் தங்கி, பிரிந்த விழித்திரையைச் சுருக்கமில்லாமல் அழுத்திப் படிய வைக்கிறது. விழித்திரைக்குப் பின்னால் தேங்கிய நீர் அதிலுள்ள கிழிசல் வழியே வெளியேறுகிறது. கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் அதனூடே லேசரும் பாய்ச்சலாம். தோசைக் கல்லில் மாவைப் பரப்புவதைப் போல என்று என் மனைவிக்கு விளக்கினேன். அவள் முகம் சுளித்தாள்.

வேலை முடிந்ததும் அத்திரவத்தை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். அதன் இடத்தில் எனக்கு வைத்திருப்பது ஒரு வாயுக் குமிழி. விசாரித்தால், அதுவும் பெர்ஃப்ளூரோபுரோப்பேன், அதாவது அதே குடும்பத்தின் வாயு உறவினர். அது கரைந்து மறைய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை விமானத்தில் ஏறக் கூடாது, ஏனெனில் உயரத்தில் குமிழி விரிந்து கண் அழுத்தம் ஏறினால் உள்ள பார்வையும் போய்விடும். உன் பேத்தியின் கல்யாணத்துக்கு ரயிலிலாவது மும்பை வரலாமே என்று மருத்துவரிடம் கேட்டேன். மும்பைக்கு இறங்கி வருவதைவிட, கடல் மட்டத்திலிருந்து மீண்டும் தொள்ளாயிரம் மீட்டர் ஏறித் திரும்புவதுதான் கவலை என்றார் மருத்துவர்.

ஆகவே கல்யாணத்துக்கு நான் மும்பை மாட்டுங்காவுக்கு வர இயலாது. என் மனைவியும் மகனும் வருகிறார்கள்; முகூர்த்தப் புடவையை அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழன்