செய்மதிப் படத்தில் நேரத்தையும் போடுங்கள்

கொழும்பிலிருந்து செய்தி தரும் தமிழ்த் தொலைக்காட்சி, பத்திரிகை, இணைய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்ற பேச்சு எழுந்தாலே உங்கள் செய்திகளில் அந்தப் படம் வந்துவிடும்: இலங்கையை மூடிய சிவப்புத் திட்டு, பக்கத்தில் ‘கடும் மழை’ என்ற தலைப்பு. எடுத்த நேரமும் இராது, எடுத்த செய்மதியின் பெயரும் இராது. மறுநாள் வெயில் எறிக்கும்போதும் அதே படம் வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தச் சிவப்பு மழை அல்ல. இரவிலும் எடுக்கக்கூடிய அகச்சிவப்புப் படத்தில் தெரிவது முகில் உச்சியின் வெப்பநிலை. உச்சி எவ்வளவு குளிரோ அவ்வளவு உயரம். உயரத்துக் காற்று அந்த உச்சியை வெகுதூரம் இழுத்துப் பரப்பிவிடும். அதன் கீழே ஒரு துளியும் விழாமல் இருக்கலாம். மறுபுறம், தென்மேல் பருவக்காற்றில் இரத்தினபுரிப் பக்கம் மலையில் மோதும் தாழ்ந்த முகில் படத்தில் சாதுவாகத் தெரியும். மழையோ கொட்டித் தீர்க்கும்.

இன்னொன்று. நீங்கள் அடிக்கடி எடுத்தாளும் ஜப்பானின் ஹிமவாரி-9 செய்மதி, கிழக்கு நெடுங்கோடு 140.7 பாகையில், மத்திய கோட்டுக்கு மேல் சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. 10 நிமிடத்துக்கொரு முறை பூமியின் அந்தப் பக்கம் முழுவதையும் படம் பிடிப்பது பெரிய வரந்தான். ரேடார் எட்டாத நடுக்கடலில் புயல் திரள்வதைக் காண இதைவிட்டால் வேறு கண் ஏது? ஆனால் இலங்கை அதன் பார்வையில் மேற்கு ஓரத்தில், வெகு சாய்வாகத் தெரிகிறது. 15 கிலோமீற்றர் உயர்ந்த இடிமுகிலின் உச்சி, படத்தில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் மேற்கே தள்ளி விழும். அவிசாவளைக்கு மேல் நிற்பது கொழும்புக்கு மேல் நிற்பதாகக் காட்டும்! களனி கங்கைக் கரையில் இருப்பவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல. நம் நெடுங்கோட்டுக்கு அருகிலேயே நிற்கும் இந்தியாவின் இன்சாட் படங்களில் இந்தக் கோணல் மிகக் குறைவு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஊர்ப்பெயர் சொல்லுங்கள்.

படத்தின் மூலையில் உள்ள நேரம் பெரும்பாலும் சர்வதேச நேரம். 12.00 என்றிருந்தால் நமக்கு மாலை 5.30. அதை மாற்றி, எழுத்துப் பெரிதாகப் போடுங்கள். நிறம் எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலையும் பக்கத்திலேயே தாருங்கள். நேரம் தெரியாத படம் கையில் கிடைத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்