புதைபடிவச் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, இவ்வாண்டு மாதக் கூட்டங்கள் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கல்லும் புதைபடிவமும் சேர்த்த பெண்களைப் பற்றியே நடந்தன. லண்டன் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919இல்தான். அதற்கு நூறாண்டுக்கு முன்பே இவர்கள் முறையாக வேலை செய்திருக்கிறார்கள்.

கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்டவர் வில்ட்ஷயர் மாவட்டத்தின் எதெல்ட்ரெட் பெனெட் (1775–1845). டிஸ்பரி அருகே சிக்ஸ்குரோவ் கல்குவாரியின் பாறை அடுக்குகளை ஒவ்வொன்றாக அளக்கச் செய்து, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தியவர். அந்த அளவுகளை இயற்கையியலாளர் ஜேம்ஸ் சோவர்பி 1816இல் அவரைக் கேட்காமலேயே அச்சிட்டுவிட்டார். 1831இல் தம் மாவட்டப் புதைபடிவப் பட்டியலைப் பெனெட் தம் பெயரிலேயே வெளியிட்டார். அவர் மறைந்தபின் சேகரிப்பில் பெரும்பகுதி அமெரிக்காவின் பிலடெல்பியா இயற்கை அறிவியல் அகாதமிக்குப் போனது. தொலைந்தது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கேயே இனங்கண்டார்கள்.

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான லைம் ரீஜிஸில் எலிசபெத் பில்பாட் சகோதரிகளின் சேகரிப்பு இன்று ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. பெலம்னைட் என்னும் அழிந்துபோன கணவாய் இனத்தின் மைப்பையில் இறுகிக் கிடந்த மையைப் பொடித்து நீர்விட்டுக் கரைத்தால் பழுப்பு மை கிடைக்கும். 1833இல் எலிசபெத் அந்த மையாலேயே இக்தியோசார் என்னும் அழிந்துபோன கடல் ஊர்வனவின் மண்டையோட்டை வரைந்து அனுப்பினார். அவர் தோழி மேரி அன்னிங் பிழைப்புக்காகப் புதைபடிவங்களை விற்றவர். அருங்காட்சியகப் பதிவேடுகளில் வாங்கிக் கொடுத்த கனவான்களின் பெயர்தான் பெரும்பாலும் ஏறியது. நம் பதிவேட்டில் கண்டெடுத்தவர் பெயருக்குத் தனிப் பத்தி வைத்திருப்பது இதனால்தான்.

நம் சேகரிப்பின் அலமாரிச் சோதனையில் கவலைக்குரியது பைரைட் நோய். லைம் பகுதி அம்மோனைட்டுகள் (சுருள் ஓட்டுக் கடலுயிர்களின் புதைபடிவங்கள்) பல, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான இரும்புப் பைரைட்டாக மாறியவை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பைரைட் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலத்தை விடும். முதலில் கந்தக வாடை. பிறகு விரிசல், வெளிர்ப் பொடி. கடைசியில் அட்டைப்பெட்டியும் விவரச் சீட்டும் கருகி உதிரும். கல்லைவிடச் சீட்டு போவதே பெரிய இழப்பு, ஏனெனில் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதைக் கல் தானாகச் சொல்லாது. மேலே வார்னிஷ் பூசினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். உள்ளே ஈரம் இருந்தால் பூச்சுக்கு அடியிலேயே வெடிக்கும். கடற்கரையில் எடுத்ததை நன்னீரில் ஊறவைத்து, தினம் நீர் மாற்றி உப்பை எடுத்து, முழுக்க உலர்த்த வேண்டும். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக்கமான டப்பாவில், ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்குமாறு வைக்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தாவிட்டால் அது இருந்தும் பயனில்லை. நோய் கண்டதை உடனே பிரித்துவிடுக.

எண் இடும் முறையும் ஒன்றாக்கப்பட்டது. புதைபடிவத்தின் முக்கியமில்லாத பக்கத்தில், பிறகு கரைத்து எடுக்கக்கூடிய அக்ரிலிக் பூச்சு சிறிதளவு, அது காய்ந்ததும் இந்திய மையால் எண், மேலே மீண்டும் மெல்லிய பூச்சு. அதே எண் சீட்டிலும் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். சீட்டில் பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மங்கிவிடும், பென்சில் நிற்கும். ஊர்ப் பெயர் மட்டும் எழுதிய சீட்டுகள் இன்னும் வருகின்றன. குவாரி, அடுக்கு, தேதி இல்லாதவை திருப்பி அனுப்பப்படும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்