மெயினை அணைத்துவிட்டு ஊதிப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

புயல் ஓய்ந்ததும் அபாயச் சங்குகளைச் சோதிப்பது வழக்கம்தான். பட்டனை அழுத்துவார்கள், ஊதும், பதிவேட்டில் 'நல்ல நிலை' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இந்தச் சோதனை கரண்ட் இருக்கும்போது நடக்கிறது. புயல் காற்று வலுத்தாலே மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் எண்ணூரும் மணலியும் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

மோட்டாரால் ஊதும் சங்கில் புயலுக்குப் பின் அதிகம் எரிவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்தான். மரம் விழுந்து, மின்சாரம் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்று போயிருக்கும். தெரியாமல் பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றாது, உறுமும், பிறகு புகையும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இருந்தால் இதைத் தடுக்கலாம். நனைந்த மோட்டாரின் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவி ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், உலர்த்தாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. இத்தனையும் செய்தாலும், ஜெனரேட்டர் இல்லாவிட்டால் கரண்ட் போனதும் அது ஊமைதான். கடலோரத்துக்குப் பேட்டரியில் ஓடும் எலக்ட்ரானிக் சங்கே சரி.

அதிலும் கோளாறு பெரும்பாலும் கோபுர உச்சியில் இருக்காது, கீழே பெட்டிக்குள் இருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய சர்க்யூட் போர்டைக் காயவைத்து மாட்டினால் சில வாரம் ஓடும். உள்ளே தங்கிய உப்பு செம்பைத் தின்று பச்சை பூத்ததும் நின்றுவிடும். போர்டையும் மூழ்கிய பேட்டரியையும் மாற்றத்தான் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது வீண். புதுப் பெட்டியை, தெருவாசிகளிடம் வெள்ளம் ஏறிய உயரத்தைக் கேட்டு, அதற்கு மேல் இரண்டடி விட்டு மாட்டுங்கள். கேபிள் அடிப்பக்கத்திலிருந்து, ஒரு தொங்கல் வளைவு விட்டு நுழையட்டும். மேலிருந்து இறக்கினால் கேபிளே மழைநீருக்கு வாய்க்காலாகிவிடும்.

24 வோல்ட் அமைப்பில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பழையது புதியதையும் கெடுக்கும். மெயினை (மின்வாரிய இணைப்பை) அணைத்து ஊதும்போது எந்தப் பேட்டரியாவது 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. வெயிலில் கொதிக்கும் பெட்டிக்கு, வெப்பத்துக்கேற்ப வோல்ட்டைக் குறைக்கும் சார்ஜர் அவசியம். இல்லாவிட்டால் பேட்டரி உப்பிவிடும்.

ஹாரன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓம் அளக்க வேண்டும். ஒரு ஹாரனுக்குள் ஒலி எழுப்பும் பாகமான டிரைவர் செத்திருந்தாலும் கம்பத்தடியில் நிற்பவருக்குச் சத்தம் குறைந்தது தெரியாது. அந்த ஹாரன் பார்த்த திசையில் உள்ள தெருவுக்குத்தான் கேட்காது. ஹாரன் வாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையேல் மழை தேங்கி, அதிர்ந்து ஒலி தரும் டயாபிரம் தகடு கெடும். பிடிமானத்துக்கு 316 ரக ஸ்டீல் போல்ட் நல்லது. அலுமினியத்தோடு நேராகத் தொடாதபடி நைலான் வாஷர் போடாவிட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் அரிக்கும்.

திறந்த வெளியிலேயே தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் அதிகம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மெயினை அணைத்து, எண்ணூரை ஒட்டிய எர்ணாவூரிலும் நெட்டுக்குப்பத்திலும் ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் ஆள் நிறுத்திக் கேட்டு, அந்தச் சோதனைத் தாளை இணைத்தால்தான் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை என்று டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்.

— மின்கருவிப் பராமரிப்புப் பணியாளர்கள்,
திருவொற்றியூர்