கம்போடியத் தலைநகர் புனோம் பென்னிலிருந்து அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இட்லிதான் இல்லை, மற்றபடி சாப்பாட்டுக்குக் குறையில்லை. "துவோல் ஸ்லெங் மட்டும் போகாதீங்கம்மா, தாங்க மாட்டீங்க" என்று ஏர்போர்ட்டில் சொன்னாய். சிறையாக இருந்து இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட அந்த இடத்துக்கு இன்று காலை போய்விட்டு வந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அது பள்ளிக்கூடம்டா. நீள வராந்தா, கட்டம் போட்ட தரை, வரிசையாக அறைகள். 31 வருஷம் நான் பாடம் நடத்திய இடம் மாதிரியே இருந்தது. அதைத்தான் அப்போது நாட்டைப் பிடித்திருந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் ஆட்சி சிறையாக்கி 1979 ஜனவரி வரை நடத்தியிருக்கிறது. வகுப்பறைக்குள் செங்கல் சுவர் எழுப்பி, ஓர் ஆள் முடங்கும் அளவுக்குத் தடுத்திருக்கிறார்கள். கைதிகள் குதித்து உயிரை விட்டுவிடாதபடி வராந்தாவுக்கு முள்கம்பி வலை. பிள்ளைகள் உடற்பயிற்சி செய்த மரச்சட்டத்தில் ஆட்களைத் தொங்கவிட்டு வதைத்தார்களாம். முற்றத்தில் அதன் முன்னால்தான் எனக்குக் கால் தளர்ந்தது.

கொண்டுவந்தவர்களைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். சுவர் சுவராக முகங்கள், சின்னப் பிள்ளைகள்கூட. வருகைப் பதிவேடு எடுத்த பழக்கமோ என்னவோ, ஒன்றையும் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தேன். கூட வந்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள்.

அப்புறம் அரண்மனை. அங்கே வெள்ளிப் பகோடா என்ற புத்தர் கோயிலின் தரையில் 5,000க்கு மேல் வெள்ளி ஓடுகள். அழகுதான், இன்றைக்கு மனம் ஒட்டவில்லை. தேசிய அருங்காட்சியகத்தில்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. கோ கெர் என்ற ஊரிலிருந்து வந்த வாலி சுக்ரீவன், பத்தாம் நூற்றாண்டுச் சிற்பம். ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்து நிற்கிறார்கள். உனக்குக் கதை சொல்லித் தூங்கவைத்தது ஞாபகம் வந்தது.

சாயங்காலம் தோன்லே சாப் ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். மழைக்காலத்தில் மீகாங் பெருகித் தள்ள, இந்த ஆறு திசை மாறி ஏரிப் பக்கம் ஓடுமாம். என் வயதுப் பெண்கள் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் ஆட்கள் ஆஸ்பத்திரி நோயாளிகளைக்கூட விடாமல் ஊரையே காலி செய்து விரட்டியபோது இவர்கள் சிறுமிகளாக இருந்திருப்பார்கள். ஒருத்தி தாமரைக்காயை உரித்து எனக்கு விதை கொடுத்தாள். பேச மொழி இல்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாளை சியாம் ரீப். அங்கே பன்தியாய் ஸ்ரீ கோயிலில் ஆடுகிற சிவன் காலடியில் நம் காரைக்கால் அம்மையார் இருக்கிறாராம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா